கதவடியில் ஒரு திண்டு

ஜனவரி மாதத்து லண்டன் இரவு. காற்று அடிக்கவில்லை, தெருவோர மரத்தில் ஒரு கிளைகூட அசையவில்லை. ஈஸ்ட் ஹாம் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும், நூறு வருடப் பழசான மாடிவீடு ஒன்றின் வாசற்கதவுக்குக் கீழே, ஏற்றிய ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நேராக எழாமல் வீட்டின் உட்பக்கமாகச் சாய்ந்து ஓடும். அதே பத்தியை மாடிக்கு எடுத்துப்போய் ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பில் பிடித்தால், புகை இடுக்கில் புகுந்து வெளியேறும். வெளியே காற்றே இல்லாத இரவிலும் வீட்டுக்குள் ஒரு காற்று கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் கணுக்காலில் சில்லென்று உணர்வது அதைத்தான்.

அந்தக் காற்றை ஓட்டுவது வீட்டைச் சூடாக்க நாம் எரிக்கும் எரிவாயுதான். பூஜ்ய டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.29 கிலோ. 20 டிகிரிக்குச் சூடானால் அது 1.20 கிலோவாகக் குறைகிறது. தொண்ணூறு கிராம் வித்தியாசம் கேட்பதற்குச் சிறிதுதான். ஆனால் இரண்டு மாடி உயரத்துக்கு, அதாவது ஐந்து மீட்டருக்கு, உள்ளே லேசான காற்றும் வெளியே கனமான காற்றும் எதிரெதிரே நிற்கும்போது இந்தச் சிறு வித்தியாசம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. கனமான வெளிக்காற்று அடியில் உள்ள இடுக்குகள் வழியே உள்ளே தள்ளுகிறது; லேசான உள்காற்று உச்சியில் உள்ள இடுக்குகள் வழியே வெளியே போகிறது. நடுவில் ஓர் உயரத்தில் இரண்டு அழுத்தமும் சமமாக இருக்கும். அங்கே ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. குளிர்காலத்தில் வெப்பமூட்டிய எந்த வீடும் இந்த வகையில் ஒரு புகைபோக்கிதான். வாசற்கதவின் அடி இடைவெளி அந்தப் புகைபோக்கியின் கீழ்வாய்.

மேலும் கீழும் உள்ள இடுக்குகள் ஏறக்குறைய ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கதவடியில் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் இரண்டு பாஸ்கலுக்குச் சற்று மேல். மேசைமீது ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட மூன்று வெள்ளைத் தாள்கள் அடியில் தரும் அழுத்தம் அவ்வளவுதான். இவ்வளவு மெல்லிய தள்ளலுக்கே காற்று ஒரு நொடிக்கு 1.8 மீட்டர் வேகம் பிடித்துவிடுகிறது. மனிதர் விரைந்து நடக்கும் வேகம் அது. கதவு 84 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால், விளிம்புகளில் ஓட்டம் குறுகுவதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், நொடிக்கு ஒன்பது லிட்டர் குளிர்காற்று உள்ளே வருகிறது. மணிக்கு முப்பது கன மீட்டருக்கு மேல்: நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள அறை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் நிரப்பும் காற்று. அவ்வளவையும் பூஜ்யத்திலிருந்து இருபது டிகிரிக்கு ஏற்ற இருநூறு வாட்டுக்கு மேல் வேண்டும், அதுவும் இரவு பகல் ஓயாமல். ஒரு நாளைக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல். 2022 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு விலையைக் கட்டுப்படுத்திய பிறகும் அங்கே எரிவாயு யூனிட்டுக்கு 10.3 பென்ஸ், மின்சாரம் 34 பென்ஸாக இருந்தது. அந்த விலையில், மின் ஹீட்டரை நம்பியிருந்த குடும்பத்துக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, பூஜ்யத்தைத் தொட்ட ஒவ்வொரு நாளும் ஒன்றரைப் பவுண்டுக்கு மேல் செலவு வைத்தது.

இத்தனை இடுக்குகளோடு ஏன் வீடு கட்டினார்கள் என்று கோபம் வரலாம். கட்டியவர்கள் தெரியாமல் செய்யவில்லை. அந்த வீடுகள் நிலக்கரி அடுப்புக்காகக் கட்டப்பட்டவை. அறைக்கு அறை கணப்பு, கணப்புக்கு மேல் செங்கல் புகைபோக்கி. நெருப்பு எரியக் காற்று வேண்டும். புகை உள்ளே திரும்பாமல் மேலே போக அதைவிடப் பல மடங்கு காற்று வேண்டும். அந்தக் காற்று கதவடியிலும் ஜன்னல் இடுக்கிலும் தரைப்பலகைகளின் நடுவிலும் வந்தாக வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கி அடைத்தால் அறை புகையால் நிறையும். அதனால் நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு முகம் வெந்தது, முதுகு உறைந்தது. 1744-ல் பென்ஜமின் ஃபிராங்க்ளின் தன் புதிய இரும்பு அடுப்பை விளக்கி எழுதிய சிறுநூலில், இடுக்குகள் வழியே குளிர்காற்றை இழுக்கும் திறந்த கணப்புகளைப் பற்றித்தான் முதலில் முறையிட்டார். தலைக்கு இருபுறமும் காது போல நீண்ட பக்கங்கள் வைத்த உயர்ந்த நாற்காலிகளும், கதவின் மேலேயே தொங்கவிட்ட கனத்த திரைகளும், கதவடியில் கிடத்திய நீளமான துணித் திண்டும் அந்தப் பழைய கணப்பு வாழ்க்கையின் துணைப் பொருள்கள்.

1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வடகடலில் எடுத்த எரிவாயு 1960-களின் இறுதியில் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. கணப்புகள் அணைந்தன; ரேடியேட்டர்கள் சுவரில் ஏறின. காற்றுக் கேட்ட நெருப்பு போய்விட்டது, அதற்காக விட்ட இடுக்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இங்கிலாந்தின் வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919-க்கு முன்னால் கட்டியது. லண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல வாழ்வதும் இப்படிப்பட்ட வீடுகளில்தான்.

உள்ளே வரும் குளிர்காற்று உடனே அறைக் காற்றோடு கலந்துவிட்டால் இவ்வளவு தொல்லை இருக்காது. அது கனமானது; கதவைத் தாண்டியதும் தரையோடு படர்ந்து, கணுக்கால் உயரத்துக்கு ஒரு குளிர்ப்படலமாகக் கிடக்கும். சுவரில் உள்ள வெப்பநிலைக் கருவி அதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் அது நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. மனித உடலின் வெப்பச் சுகத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர். அவருடைய வேலையை அடிப்படையாகக் கொண்ட சர்வதேசத் தரம், உட்கார்ந்திருப்பவரின் தலைக்கும் கணுக்காலுக்கும் நடுவே மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்கிறது. கால் சில்லிட்டவர் செய்வது எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: வெப்பத்தை ஒரு படி ஏற்றுகிறார். ஏற்றினால் உள்காற்று இன்னும் லேசாகிறது, கதவடியில் இழுப்பும் கூடுகிறது. குளிரைத் துரத்தப் போட்ட சூடு குளிரை இன்னும் வேகமாக வரவழைக்கிறது.

இவ்வளவு பெரிய ஓட்டத்தைப் பழைய துணியைத் திணித்த ஒரு திண்டு நிறுத்துகிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. துணி காற்றுப்புகாத பொருள் அல்ல. வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வரும். திண்டு தரையோடு ஒட்டிப் படிவதும் இல்லை. ஆங்காங்கே ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஆனாலும் கதவடியில் போட்ட நிமிடமே கால் அதை உணர்கிறது.

காரணம் காற்றின் பிசுக்கு. திறந்தவெளியில் காற்றுக்குப் பிசுக்கு இருப்பதாகவே தோன்றாது. ஒரு சென்டிமீட்டர் இடைவெளியிலும் அது கிட்டத்தட்டத் தடையின்றிப் பாய்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. இரு பக்கச் சுவரையும் தொடும் காற்று அங்கேயே ஒட்டி நின்றுவிடும். அதற்கு அடுத்த அடுக்கை அது பிடித்து இழுக்கும். நடுவில் தடையில்லாமல் ஓட இடமே மிஞ்சாது. இப்படிப்பட்ட மெல்லிய பிளவில் ஓட்டத்தின் அளவு இடைவெளியின் முப்படியைப் பொறுத்தது. இடைவெளி பாதியானால் ஓட்டம் எட்டில் ஒன்றாகும். நாம் மேலே பார்த்த கதவடியில் ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்தால், ஒன்பது லிட்டர் ஓடிய இடத்தில் கால் லிட்டருக்கும் குறைவாகவே ஓடும். இடைவெளி பத்தில் ஒன்றுதான் ஆனது. காற்று ஏறக்குறைய ஐம்பதில் ஒன்றாகிவிட்டது. அதனால்தான் திண்டு பிசிறில்லாமல் பொருந்த வேண்டியதில்லை. கதவடியின் பெரும்பகுதியை அடைத்தாலே போதும், மிச்சத்தைப் பிசுக்கு பார்த்துக்கொள்ளும்.

திண்டின் உள்ளே நடப்பதும் இதே கதை. அங்கே ஆயிரமாயிரம் இழைகள், இழைகளுக்கு நடுவே மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே அகலமுள்ள வழிகள். இழைகள் காற்றைப் பிடித்து நிறுத்துவதைச் சோதனையால் காட்டியவர் கவுன்ட் ரம்ஃபோர்டு. மாசசூசெட்ஸில் பென்ஜமின் தாம்சன் என்ற பெயரில் 1753-ல் பிறந்து, பவேரிய அரசின் சேனையைச் சீரமைக்கப் போன மனிதர். சிப்பாய்களுக்கு எந்தத் துணியில் உடுப்புத் தைப்பது என்பது அவருக்கு வேலைக் கேள்வி. வெப்பமானியைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் பட்டு, பருத்தி, ஆட்டு ரோமம், முயல் ரோமம், வாத்து இறகு என்று ஒவ்வொன்றாக அடைத்து, கொதிநீரில் சூடாக்கிப் பனிநீரில் இறக்கி, குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். வெறும் காற்று இருந்தபோது ஆன நேரத்தைவிட ஆட்டு ரோமம் அடைத்தபோது ஏறக்குறைய இரு மடங்கு ஆனது. அடைத்த பொருளோ குழாயின் மிகச் சிறு பகுதியைத்தான் நிறைத்தது. மீதி எல்லாம் அதே காற்று. இழைகள் காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பதால்தான் சூடு தங்குகிறது என்று அவர் 1792-ல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1796-ல் கணப்புகளின் தொண்டையைக் குறுக்கி, வீணாக மேலே போகும் காற்றைக் குறைக்கும் வழியைச் சொன்னவரும் இவரே. திண்டு தைப்பவர்களுக்கு இவரை மூத்த ஆசான் என்று சொல்லலாம்.

இனி தையல். கதவின் அகலத்தை நாடா வைத்து அளந்து, அதோடு ஐந்தாறு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூலையிலும் திண்டு சட்டத்தோடு நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மூலையில் விட்ட இடைவெளி பயனைக் குறைக்கும். 84 சென்டிமீட்டர் கதவுக்கு 90 நீளம், 30 அகலத்தில் ஒரு துண்டு வெட்டினால், தையலுக்குப் போனது போக 27 சென்டிமீட்டர் சுற்றளவு நிற்கும். திண்டு எட்டரை சென்டிமீட்டர் தடிப்பாக வரும். வெளித்துணிக்குப் பழைய ஜீன்ஸ், கம்பளி, கனத்த ஜன்னல் திரை எதுவும் ஆகும். என் தேர்வு பொசுபொசுவென்ற கம்பளித் துணி. தரைப்பலகையின் மேடு பள்ளங்களில் அதன் ரோமம் இறங்கி, வழவழத்த துணி விட்டுவைக்கும் சந்துகளையும் அடைக்கும். நல்ல பக்கம் உள்ளே வரும்படி நீளவாட்டில் மடித்து, நீண்ட விளிம்பையும் ஒரு முனையையும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தையுங்கள். மெஷின் இல்லையென்றால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பாதி பின்னால் குத்தி எடுக்கும் கெட்டித் தையல் போடுங்கள். வெறும் ஓட்டுத் தையல் திணிக்கும்போதே பிரியும். பிறகு கரண்டிக் காம்பால் குத்தி நல்ல பக்கத்தை வெளியே புரட்டுங்கள். திறந்த முனைக்கு வெல்க்ரோவோ பொத்தானோ வைத்தால் உறையைக் கழற்றித் துவைக்கலாம். கதவடியில் கிடப்பது தெருப் புழுதி முழுவதையும் வாங்கும், அதனால் இது அவசியம்.

எதைத் திணிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பஞ்சு மட்டும் என்றால் திண்டு இலகுவாகி உருண்டு போகும். அரிசியும் பருப்பும் கனமானவைதான். ஆனால் வண்டும் எலியும் அதைத் தேடி வரும், ஈரம் பட்டால் புளிக்கும். முழுக்க மணல் என்றால் ஏழு கிலோவைத் தாண்டிவிடும். யாரும் தினம் தூக்கமாட்டார்கள். அடிக்கு மணல், அதன் மேல் துணி என்பதே சரியான கலவை. இறுக்கமாக நெய்த பருத்தித் துணியில் 15 சென்டிமீட்டர் அகலத் துண்டு எடுத்து, ஒல்லியான மணற்பை ஒன்றைத் தனியாகத் தையுங்கள். தையல் இரட்டையாக இருக்கட்டும், மணல் எந்த இடுக்கையும் கண்டுபிடித்துவிடும். மணல் எலும்பாக உலர்ந்திருக்க வேண்டும். தட்டில் பரப்பி அடுப்பில் காயவைத்தால் போதும். ஈர மணல் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஒன்றரைக் கிலோ கொள்ளும். ஒரு சாணுக்கு ஒரு முறை குறுக்கே ஒரு தையல் போட்டுப் பிரித்துவிட்டால் மணல் ஒரு மூலைக்குச் சரியாது. அந்தப் பை அடியில் கிடக்க, மேலே கிழிந்த ஸ்வெட்டர், ஜோடி இல்லாத காலுறை, நைந்த கம்பளி எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக்கித் திணியுங்கள். கல் மாதிரி இறுக்கக் கூடாது. கையால் அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெதுவாக எழும் பதம் வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் கதவின் பரப்புக்கும் தரைக்கும் ஏற்றபடி அதை வளையவிடும்.

ஏன் ஒன்றரைக் கிலோ? கதவடிக் காற்றின் இரண்டு பாஸ்கலுக்குத் திண்டு அசையவே அசையாது. அதன் முழு நீளத்தின் மேலும் விழும் தள்ளல் பதினைந்து கிராம் எடைக்குச் சமம். காற்று பலமாக வீசும் நாள் வேறு கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கதவில் நேராக மோதினால் அறுபது பாஸ்கல் வரை போகும். திண்டின் மேல் கிட்டத்தட்ட அரைக் கிலோ எடையின் தள்ளல். தரையின் உராய்வு அதைத் தாங்கிப் பிடிக்கத் திண்டு சுமார் ஒரு கிலோவாவது இருக்க வேண்டும். மணலும் துணியும் சேர்ந்து இரண்டு கிலோவை நெருங்கும்போது கவலை இல்லை.

அடிக்கடி போய்வரும் அறைக் கதவுக்கு இரட்டைத் திண்டு நல்லது. ஒல்லியான இரண்டு திண்டுகளை, கதவின் தடிப்புக்குச் சற்றே கூடுதலான பட்டைத் துணியால் இணைத்து, பட்டையைக் கதவுக்கு அடியில் நுழைத்துவிட்டால் அவை கதவோடு நகரும். அதற்கு மணல் வேண்டாம். காற்று அடுத்தடுத்து இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருப்பதால் இது ஒற்றைத் திண்டைவிட நன்றாகவே அடைக்கும். வீட்டில் முதியவர் இருந்தால் எந்தத் திண்டானாலும் தரையின் நிறத்திலிருந்து பளிச்சென்று தெரியும் துணியில் தையுங்கள். இருட்டில் கால் தடுக்கும் பொருள் அது.

இதே திண்டு சென்னைக்கும் உதவும், இயக்கம் மட்டும் திசை மாறும். ஏசி அறையில் உள்காற்றுதான் கனம். அது கதவடி வழியாகக் கூடத்துக்குக் கசிந்து போக, மேல் இடுக்கில் வெளியின் சூடான காற்று புகும். அந்தக் காற்றோடு வரும் ஈரத்தையும் இயந்திரம்தான் நீராக்கி வடிக்க வேண்டும். ஏசி அறைக் கதவடியில் பழைய துண்டை மடித்து வைக்கும் வழக்கத்தில் சரியான இயற்பியல் இருக்கிறது. முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுகளோ மேல்நோக்கிய ஓட்டத்தை விரும்பி அழைத்தன. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, நிழல் பக்கத்துக் காற்று உள்ளே வரும்.

அடைக்கக் கூடாதவையும் உண்டு. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. எரிவாயு அல்லது விறகுக் கணப்பு எரியும் அறையில் சுவரில் நிரந்தரமாக வைத்த காற்றுத் துளையை எக்காரணத்தாலும் மூடக் கூடாது. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட அறையில் திண்டு போடுவதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். வெளிச்சுவரின் அடிப்பகுதியில் துளையிட்ட செங்கற்கள் தெரிந்தால் அவையும் அப்படியே இருக்கட்டும். மரத்தரைக்குக் கீழே காற்று ஓடாவிட்டால் உத்திரங்கள் உளுத்துப்போகும். சமையல், குளியல், உள்ளே காயப்போடும் துணி, மூச்சு என்று நான்கு பேர் குடும்பம் ஒரு நாளில் சுமார் பத்து லிட்டர் நீரை ஆவியாக வீட்டுக்குள் விடுகிறது. இடுக்குகளை அடைத்த வீட்டில் அந்த ஆவி குளிர்ந்த சுவர் மூலைகளில் நீராகப் படிந்து கரும்பூஞ்சையாகும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியேற்று விசிறியை ஓடவிட்டு, காலையில் பத்து நிமிடம் ஜன்னல்களைத் திறந்தால் போதும். சுவரும் தரையும் தங்கள் சூட்டை இழப்பதற்குள் காற்று மாறிவிடும்.

திண்டு போட்ட பிறகும் கால் குளிர்ந்தால், தேட வேண்டிய இடம் தரையில் இல்லை. 1970-களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் வீடுகளின் வெப்பச் செலவை வருடக்கணக்கில் அளந்தார்கள். கூரையடி அறை வழியாக ஏட்டுக் கணக்கு சொன்னதைவிடப் பல மடங்கு சூடு போய்க்கொண்டிருந்தது. சுவர்களுக்குள்ளும் குழாய்களைச் சுற்றியும் கண்ணில் படாத வழிகளில் சூடான காற்று மேலே ஏறிப்போனதே காரணம். மேலே போகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாகக் கீழே ஒரு லிட்டர் குளிர்காற்று வந்தாக வேண்டும். ஆகவே மேல்வாயை அடைத்தாலும் கீழ்வாயின் இழுப்புக் குறையும். பிரிட்டிஷ் வீடுகளில் அந்த மேல்வாய் பெரும்பாலும் மாடி நடைவழிக் கூரையில் உள்ள பரண் மூடி. வெறும் பலகையாகச் சட்டத்தின் மேல் கிடக்கும். அதன் நான்கு விளிம்பிலும் ஒட்டும் நுரைப்பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டி, மூடியின் முதுகில் ஒரு கம்பளியை மடித்து வைத்துக் கட்டிவிட்டால், கீழே வாசற்கதவடியில் வரும் காற்றும் குறைந்துவிடும்.